கணிப்பொறி விளையாட்டுகளில் காட்சி நயம்

கணிப்பொறியில் விளையாட்டு ஒன்றைப் புதிதாக இயற்றும் மாணவன், தன் ஆட்டம் பிழையின்றி இயங்கியும் உயிரற்றதாகத் தோன்றுவது ஏன் என்று வியப்பதுண்டு. ஆற்றில் படகு செல்கிறது; பாறையில் மோதுகிறது; திரையின் மூலையில் உள்ள எண் 3 என்பதிலிருந்து 2 ஆகக் குறைகிறது. கணக்கு சரியே. ஆயினும் ஆடுபவனுடைய கண் படகின் மீது பதிந்திருக்கிறதேயன்றி, மூலையில் உள்ள எண்ணின் மீது அன்று. தன் படகு மோதியதையே அவன் அறியாமல், சிறிது நேரத்தில் ஆட்டம் முடிந்துவிட்டதைக் கண்டு திகைக்கிறான். காட்சி விளைவுகள் என்று கூறப்படுபவை இத்தகைய இடத்தில்தான் தேவைப்படுகின்றன. அவற்றை வெறும் அலங்காரம் எனப் பலரும் எண்ணுகின்றனர். உண்மையில், ஆட்டத்தில் இப்பொழுது என்ன நிகழ்ந்தது என்ற செய்தியை ஆடுபவனுக்கு உரிய கணத்தில், உரிய இடத்தில் தெரிவிப்பதே அவற்றின் முதற்பணி.

தொடக்க நிலையில் உள்ளோர்க்கென அமைந்த மென்பொருள்களுள் மிகப் பரவலாக வழங்குவது ஸ்க்ராட்ச் என்பது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஊடக ஆய்வுக்கூடத்தில் மிட்செல் ரெஸ்னிக் என்ற அறிஞரின் தலைமையில் இயங்கிய குழுவினர் இதனை உருவாக்கி, 2007ஆம் ஆண்டில் பொது மக்களுக்கு வழங்கினர். எட்டு முதல் பதினாறு வயது வரையிலான சிறார்களை மனத்திற்கொண்டு அமைக்கப்பட்டது இது. இதன் மூன்றாம் பதிப்பு 2019ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்தது. இதில் கட்டளைகளை எழுத வேண்டுவதில்லை. வண்ணக் கட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தினால் போதும். நம் நாட்டில் 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, நடுநிலை வகுப்புகளிலிருந்தே நிரல் எழுதும் பயிற்சிக்கு இடமளித்திருப்பதால், இத்தகைய சாதனங்கள் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் மேலும் அறிமுகமாகி வருகின்றன.

ஸ்க்ராட்சில் திரைக்கு மேடை என்று பெயர். அதன் அகலம் 480 அலகு, உயரம் 360 அலகு. மேடையில் தோன்றும் ஒவ்வொரு படமும், அஃது ஆளாயினும் படகாயினும் பாறையாயினும், ஒரு பாத்திரமாகும். பாத்திரத்தின் தோற்றத்தை மாற்றுவதற்கு ஏழு விளைவுகள் அளிக்கப்பட்டுள்ளன. நிறம், ஒளிர்வு, ஆவி என்ற மூன்றும் ஒரு வகை. மீன்கண், சுழல், கட்டப்புள்ளி, மொசைக் என்ற நான்கும் மற்றொரு வகை. ஏழு என்பது குறைவாகத் தோன்றலாம். பெரிய நிறுவனங்கள் உபயோகிக்கும் மென்பொருள்களோடு ஒப்பிட்டால் குறைவுதான். ஆனால் தொடக்க நிலையினரின் ஆட்டங்கள் பொலிவிழந்து காணப்படுவதற்குக் காரணம் விளைவுகளின் எண்ணிக்கைக் குறைவு அன்று. விளைவைக் காலத்தில் பரப்பத் தெரியாமையே காரணம்.

இதனைச் சற்று விரிவாகக் காண்போம். ஸ்க்ராட்ச் மேடை நொடிக்கு 30 முறை புதிதாக வரையப்படுகிறது. திரைப்படச் சுருளில் உள்ள சட்டங்களைப் போன்றே இவையும் சட்டங்கள் எனலாம். பாறையில் மோதிய படகை மறைக்க விரும்பும் மாணவன் ‘மறை’ என்ற கட்டையைப் பொருத்துகிறான். படகு ஒரே சட்டத்தில், அதாவது நொடியின் முப்பதில் ஒரு பங்கில், இல்லாமற் போகிறது. அது மூழ்கியதா, உடைந்ததா, நிரலில் பிழை நேர்ந்ததா என்று ஆடுபவனுக்கு விளங்குவதில்லை. அதற்குப் பதிலாக ‘பத்து முறை செய்’ என்ற சுற்றினுள் ‘ஆவி விளைவை 10 கூட்டு’ என்று அமைத்துப் பாருங்கள். ஆவி என்பது படத்தை ஒளி ஊடுருவச் செய்யும் விளைவு. 0 என்றால் முழுத் தோற்றம், 100 என்றால் முழு மறைவு. ஒவ்வொரு சுற்றும் ஒரு சட்டமாக நிகழ்வதால், பத்துச் சுற்றும் முடிய நொடியில் மூன்றில் ஒரு பங்கு ஆகும். அச்சிறு காலத்தில் படகு கரைந்து மறைவதைக் கண் தொடர்ந்து காண்கிறது. அதே சுற்றினுள் படகின் நிலையை இரண்டிரண்டு அலகு கீழிறக்கினால் அது நீரில் மூழ்குகிறது. கட்டைகள் இரண்டே கூடின; செய்தி முழுமை பெற்றுவிட்டது.

மோதலை அறிவிக்கும் விளைவையும் இவ்வாறே அமைக்கலாம். மோதிய கணத்தில் படகின் ஒளிர்வை 60 ஆக்கி, பின்னர் ஆறு சட்டங்களில் பத்துப் பத்தாகக் குறைத்தால், நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் அது வெளிறித் தன்னிலைக்கு மீளும். தொடக்கம் திடீரெனவும் முடிவு மெல்லவும் இருப்பதே இங்கு நயம். தட்டிய மணியின் ஓசையும் இவ்வாறே எழுந்து அடங்குகிறது.

இங்கே ஓர் இடையூறு ஒளிந்திருப்பதையும் கூற வேண்டும். படகு பாறையைத் தொட்டுக்கொண்டே இருக்கும் வரையில், ‘தொடுகிறதா’ என்ற வினாவிற்கு ஒவ்வொரு சட்டத்திலும் ‘ஆம்’ என்றே விடை வரும். மூன்று உயிர்களோடு தொடங்கிய ஆட்டம் மூன்று சட்டங்களில், அதாவது நொடியில் பத்தில் ஒரு பங்கில், முடிந்து போகும். ஆட்டம் மிகக் கடினம் என்று சிறுவர்கள் கைவிடுவதற்கு இப்பிழை பெரும்பாலும் காரணமாகிறது. மோதிய பின்னர் ஒரு நொடிக்காலம் படகுக்கு இன்னோர் இழப்பு நேராதவாறு செய்வதே பரிகாரம். அந்தக் காலம் முழுவதும் படகின் ஆவி விளைவை 50 என நிறுத்தி வைத்தால், இப்பொழுது தனக்குப் பாதுகாப்பு உண்டு என்று ஆடுபவன் தானே உணர்வான். விதி ஒன்றும் அதன் அடையாளம் ஒன்றுமாக இரண்டும் இணைந்து செல்கின்றன.

சுற்றுகள் சட்டத்திற்கு ஒன்றாக நிகழ்வதற்கும் விலக்கு உண்டு. மாணவர்கள் தாமே புதுக் கட்டை அமைக்கும்போது, ‘திரையைப் புதுப்பிக்காமல் இயக்கு’ என்ற விருப்பம் ஒன்று தென்படும். அதைத் தேர்ந்தால், சுற்று முழுவதும் ஒரே சட்டத்தினுள் முடிந்துவிடும். மெல்லக் கரைய வேண்டிய படகு மறுபடியும் பட்டென மறையும். நிரலில் தவறு ஏதும் தென்படாது. ஆதலால் மணிக்கணக்கில் தேடியும் காரணம் அகப்படுவதில்லை.

இனி விளைவுகள் உள்ளே எவ்வாறு செயற்படுகின்றன என்பதை நோக்குவோம். மூன்றாம் பதிப்பில் படங்களை வரையும் பணி கணிப்பொறியின் வரைவியல் சில்லிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. அச்சில்லு, திரையில் உள்ள படப்புள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரே சிறு நிரலை ஒரே வேளையில் இயக்க வல்லது. முதல் வகையைச் சேர்ந்த மூன்று விளைவுகளும் புள்ளியின் வண்ணத்தை மட்டும் மாற்றுகின்றன. ஒளிர்வு என்பது சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று கூறுகளுடனும் ஒரே அளவைக் கூட்டுவது. நிறம் என்பது வண்ணச் சக்கரத்தைச் சுழற்றுவது. 200 அலகில் சக்கரம் முழுச்சுற்று வந்து பழைய நிறமே மீளும். வெண்மை, சாம்பல், கருமை ஆகியவற்றில் சுழற்றுவதற்குரிய நிறம் ஏறத்தாழ இல்லாமையால், அவ்வண்ணங்களில் வரைந்த பாத்திரத்தில் நிற விளைவு கண்ணுக்குப் புலப்படுவது அரிது. விளைவு வேலை செய்யவில்லை என்று முறையிடும் மாணவனின் படத்தை நோக்கினால், பெரும்பாலும் அது கரிய கோட்டுப் படமாகவே இருக்கும்.

இரண்டாம் வகையின் வழி வேறு. அங்கு ஒவ்வொரு திரைப்புள்ளியும், “என் வண்ணத்தை மூலப் படத்தின் எந்த இடத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்?” என்று வினவுகிறது. காப்பியின் நடுவே விட்ட பாலைக் கரண்டியால் சுழற்றினால் நடுவில் திருப்பம் மிகுந்தும் விளிம்பில் குறைந்தும் காணப்படுவது போல, சுழல் விளைவு மையத்தைச் சுற்றி இடங்களைத் திருகுகிறது. மீன்கண், நடுப்பகுதியைப் புடைக்கச் செய்கிறது. கட்டப்புள்ளி விளைவு, ஒரு கட்டத்திற்குள் அடங்கிய எல்லாப் புள்ளிகளையும் ஒரே இடத்து வண்ணத்தை எடுக்கச் செய்வதால், படம் சதுரங்களால் நெய்த ஜமக்காளம் போலாகிறது. மொசைக்கின் அளவை 10 என வைத்தால் பக்கத்துக்கு இரண்டாக நான்கு சிறு படங்களும், 20 என வைத்தால் ஒன்பதும் தோன்றும். சுழலும் மீன்கண்ணும் படத்தின் செவ்வகத்தினுள் அடங்கும் நீள்வட்டத்துக்குள்ளேயே நிகழ்கின்றன. நான்கு மூலைகளும் மாறாமல் நிற்கும். எனவே படத்தை எவ்வளவு புடைக்கச் செய்தாலும் அது தன் செவ்வகத்தை மீறி வளராது. பாத்திரம் பெருக்க வேண்டுமாயின் உருவளவைக் கூட்டும் கட்டையையே நாட வேண்டும். பல விளைவுகளை ஒன்றாகச் சேர்க்கும்போது எந்தக் கட்டையை முதலில் வைத்தோம் என்பதும் பயனற்ற கவலை; செய்முறையின் வரிசை சில்லில் இயங்கும் நிரலிலேயே முன்கூட்டி வகுக்கப்பட்டுள்ளது.

உருவை மாற்றும் விளைவுகள் கண்ணுக்கு மட்டும் உரியவை அல்ல. தொடுதலைக் கணிக்கும்போதும் ஸ்க்ராட்ச் அவற்றைக் கருத்திற் கொள்கிறது. அழகுக்காகச் சுழல் விளைவைச் சேர்த்த பின்னர், முன்பு தப்பிச் சென்ற இடத்தில் இப்பொழுது மோதுகிறதே என்ற புகார் எழுவது இதனால்தான். தேர்ந்தோர் இதற்கு ஓர் எளிய வழியைக் கையாள்கின்றனர். ஒரே படகுக்கு இரண்டு பாத்திரங்கள் அமைக்கப்படுகின்றன. ஒன்று எளிய செவ்வகம். அதன் ஆவி விளைவு 100. நகர்வதும் மோதுவதும் அதன் வேலை. மற்றொன்று அதன்மேல் ஒட்டிச் செல்லும் அழகிய படகுப் படம்; சாய்வதும் நெளிவதும் மின்னுவதும் இதன் வேலை. செவ்வகத்தை ‘மறை’ கட்டையால் மறைத்துவிடலாகாது. மறைக்கப்பட்ட பாத்திரத்தைத் தொடுதல் கணக்கில் வராது. ஆவியால் மறைந்ததோ கணக்கில் வரும். இவ்விரு மறைவுகளுக்கும் உள்ள வேற்றுமையை அறிந்தவன் ஸ்க்ராட்சின் பாதி நுட்பத்தை அறிந்தவனாவான்.

நெருப்பு, புகை, நீர்த்துளி, தீப்பொறி ஆகியவற்றைக் காட்டுவது நெடுங்காலம் கடினமான வேலையாகக் கருதப்பட்டது. இவற்றுக்குத் திட்டமான எல்லைக்கோடு இல்லை. 1982ஆம் ஆண்டில் வெளிவந்த ஸ்டார் டிரெக் வரிசையின் இரண்டாம் திரைப்படத்தில், ஒரு கோளின் மீது தீச்சுவர் பரவும் காட்சியை அமைக்க வேண்டியிருந்தது. லூகாஸ் பிலிம் நிறுவனத்தில் பணியாற்றிய வில்லியம் ரீவ்ஸ், தீயை ஒரே உருவமாக வரைய முற்படாமல், ஆயிரக்கணக்கான நுண்துகள்களின் கூட்டமாகக் கொண்டார். ஒவ்வொரு துகளும் ஓரிடத்தில் பிறக்கிறது, தனக்குரிய வேகத்தில் செல்கிறது, நிறம் மாறுகிறது, குறித்த காலத்தில் மறைகிறது. பிறப்பின்போது வேகத்திலும் ஆயுளிலும் சிறிது தற்செயல் கலக்கப்படுகிறது. இம்முறையை அவர் 1983ஆம் ஆண்டில் கட்டுரையாக வெளியிட்டார். இன்று திரைப்படத்திலும் விளையாட்டிலும் காணும் புகையும் பொறியும் பெரும்பாலும் இதன் வழித்தோன்றல்களே.

பள்ளி மாணவன் இதே முறையை நகல்களைக் கொண்டு செய்யலாம். ஸ்க்ராட்சில் ஒரு பாத்திரம் தன்னைப் போன்ற நகல்களைப் பிறப்பிக்க இயலும். மோதல் நிகழும் இடத்தில் சிறு மஞ்சள் வட்டத்தின் இருபது நகல்களை உண்டாக்குக. ‘இப்பாத்திரத்துக்கு மட்டும்’ என்ற குறிப்புடன் இரண்டு மாறிகளை அமைத்தால், ஒவ்வொரு நகலும் தன் கிடை வேகத்தையும் செங்குத்து வேகத்தையும் தனித்தனியே நினைவிற் கொள்ளும். கிடை வேகம் −6 முதல் 6 வரை, செங்குத்து வேகம் 2 முதல் 8 வரை தற்செயலாக அமையட்டும். சட்டந்தோறும் செங்குத்து வேகத்தில் 0.5 குறைக்க வேண்டும், அதுவே புவியீர்ப்பு. பொறிகள் எழுந்து வளைந்து வீழும். இருபது சட்டங்களுக்கு உருவளவை நான்கு நான்காகக் குறைத்து, ஆவியை ஐந்தைந்தாகக் கூட்டினால், நொடியில் மூன்றில் இரு பங்கு காலத்தில் ஒவ்வொரு பொறியும் சிறுத்துக் கரைந்து மறையும். தற்செயல் எண் கட்டையில் முழு எண்களை இட்டால் முழு எண்களே கிடைக்கும் என்பதையும் நினைவிற் கொள்க. −6 முதல் 6 வரை பதின்மூன்று வேகங்களே உள்ளமையால் பொறிகள் வரிசை பிடித்தாற்போல் தோன்றும். 6.0 எனப் புள்ளியிட்டு எழுதினால் இடைப்பட்ட பின்னங்களும் கிடைத்து, சிதறல் இயல்பாகும். இருபது நகல்களும் ஒரே சட்டத்தில் வெடித்தெழ வேண்டுமாயின், அவற்றைப் பிறப்பிக்கும் சுற்றை முன்கூறிய ‘திரையைப் புதுப்பிக்காமல் இயக்கு’ என்ற கட்டையினுள் வைக்கலாம். அங்கே கேடு விளைத்த அமைப்பு இங்கே உதவுகிறது.

நகல் பிறக்கும்போது தன் மூலத்தின் நிலை அனைத்தையும் பெறுகிறது. மூலம் மறைந்திருந்தால் நகலும் மறைந்தே பிறக்கும். மூலத்தின் ஆவி 100 எனில் நகலும் அவ்வாறே. ஆகவே நகலின் முதற்கட்டைகள் ‘காட்டு’, ‘வரைவு விளைவுகளை நீக்கு’ என்பனவாக இருத்தல் நலம். இறுதிக் கட்டை ‘இந்நகலை அழி’ என்பதாக இருத்தல் மிகவும் இன்றியமையாதது. ஓர் ஆட்டத்தில் ஒரே வேளையில் 300 நகல்களே வாழ இயலும். அழியாத பொறிகள் கண்ணுக்குத் தெரியாமல் மேடையில் தங்குமாயின், பதினைந்து மோதல்களில் 300 நிரம்பிவிடும். பதினாறாம் மோதலில் பொறி பறக்காது, எச்சரிக்கையும் வராது. அதனினும் பெரிய தீங்கு, ஆற்றில் வர வேண்டிய புதிய பாறைகளும் நகல்களாக இருப்பின் அவையும் வாரா. அலங்காரத்தில் நேர்ந்த பிழையால் ஆட்டமே நின்று போகும்.

மேடைக்கு ஆழம் தருவது இதனினும் எளிது. ஓடும் ரயிலின் ஜன்னலில் தந்திக் கம்பங்கள் விரைந்து கடப்பதையும், பனைமரங்கள் மெதுவாகப் பின்செல்வதையும், தொலைவில் உள்ள குன்று உடன் வருவது போல் நிற்பதையும் யாவரும் கண்டுள்ளனர். கரைப்புல்லைச் சட்டத்திற்கு 4 அலகும், மரங்களை 2 அலகும், குன்றை 1 அலகும் நகர்த்தினால் அந்த உணர்வு தட்டையான மேடையிலும் பிறக்கும். ஆனால் மேடையின் பின்னணிப் படம் நகரும் இயல்புடையது அன்று. நகர வேண்டியவை அனைத்தையும் பாத்திரங்களாகவே வரைய வேண்டும். பேரதிர்ச்சியின்போது திரை முழுவதும் குலுங்குவது போலக் காட்ட விரும்புவோர்க்கும் இதுவே நிபந்தனை. முழு மேடைக்கும் ஒருங்கே பொருந்தும் குலுக்கல் கட்டை ஸ்க்ராட்சில் இல்லை. எல்லாப் பாத்திரங்களையும் 8, −7, 6, −5 என்று குறைந்துகொண்டே வரும் அளவில் இருபுறமும் தள்ளி மீட்க வேண்டும். விளக்கொளி வேண்டுமாயின், வரைபலகையில் நடுவே மஞ்சளும் விளிம்பில் வண்ணமின்மையுமாக மெல்லத் தேயும் வட்டம் ஒன்று தீட்டி விளக்கின்பின் வைத்தால் போதும்.

வேகமாக நகர்ந்து நயமாக நிற்க வேண்டிய பொருள்களுக்கு ஒரு சிறு கணக்கு உதவும். சேரவேண்டிய இடத்துக்கும் இப்போதைய இடத்துக்கும் உள்ள தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கைச் சட்டந்தோறும் கடக்கச் செய்க. தொடக்கத்தில் பாய்ச்சலும் முடிவில் தயக்கமும் தாமே அமையும். பத்துச் சட்டங்களில் எஞ்சுவது முதல் தூரத்தில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கே.

இவ்வளவு வசதிகளும் கைவந்த பின்னர் மிகைக்கு இடமுண்டு. மிகையுள் ஒன்று வெறும் சுவைக்கேடு. மற்றொன்று உடலுக்குத் தீங்கு. 1997ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் ஜப்பானில் ஒளிபரப்பான போக்கிமான் என்ற சிறுவர் சித்திரத் தொடரில், ஒரு வெடிப்பைக் காட்டுவதற்காகச் சிவப்பும் நீலமும் நொடிக்குச் சுமார் 12 முறை மாறி மாறி மின்னின. அதைக் கண்டவர்களுள் ஏறத்தாழ 685 பேர், பெரும்பாலும் சிறுவர்கள், மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பலருக்கு வலிப்பு ஏற்பட்டது. விரைந்து மின்னும் ஒளியால் வலிப்புக்கு உள்ளாகும் இயல்பு சிலருக்கு உண்டு. அவ்வாறு உண்டென்பதை முதல் வலிப்பு நேரும் வரை அவர்கள் அறியாதிருப்பதும் உண்டு. இவ்வியல்பு சிறுவரிடமும் வாலிபரிடமுமே மிகுதி. ஸ்க்ராட்சில் ஆடுவோரும் அவ்வயதினரே.

மாணவன் இதை நோக்கமின்றியே செய்துவிடக் கூடும். பின்னணியின் ஒளிர்வை ஒரு சட்டத்தில் 100 என்றும் மறு சட்டத்தில் 0 என்றும் மாற்றும் முடிவற்ற சுற்றினை அமைக்க நான்கு கட்டைகள் போதும். நொடிக்கு 30 சட்டங்கள் உள்ளமையால் அது நொடிக்கு 15 மின்னல்களாகும். தீங்கு மிகுந்த வேகங்களுள் இதுவும் ஒன்று. உலகளாவிய வலைத்தளங்களுக்கென வகுக்கப்பட்டுள்ள அணுகல் நெறிகள், எந்த நொடியிலும் மூன்று மின்னலுக்கு மேற்படலாகாது என்று வரையறுக்கின்றன. பெரும்பரப்பில் தோன்றும் மின்னலும், செறிந்த சிவப்பு நிற மின்னலும் கூடுதல் அபாயமுடையவை.

சிவப்பையும் பச்சையையும் வேறுபடுத்திக் காண இயலாதோரையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். இக்குறை பெண்களைவிட ஆண்களிடம் மிகுதியாகக் காணப்படுகிறது. பாதுகாப்பான மிதவை பச்சை, வெடிக்கும் மிதவை சிவப்பு, வடிவம் இரண்டுக்கும் ஒன்று என்று நிற விளைவை மட்டும் நம்பி அமைத்த ஆட்டத்தில் அவர்கள் தோற்பது திறமைக் குறைவால் அன்று. வெடிப்பதற்கு முட்களும் மற்றதற்கு வழவழப்பான விளிம்பும் வரைந்தால் இடர் நீங்கும்.

மின்னலும் இடியும் ஆட்டத்துக்கு வேண்டுமென்றால், பின்னணியின் ஒளிர்வை ஒரே ஒரு முறை 40 வரை உயர்த்தி, இருபது சட்டங்களில் இரண்டிரண்டாகத் தணிக்கலாம். அடுத்த மின்னலுக்கு முன் குறைந்தது மூன்று நொடி இடைவெளி விடலாம். தொடக்கத் திரையில் ‘மின்னல் வேண்டாம்’ என்றொரு பொத்தானும் வைக்கலாம். அதனை அழுத்தியவருக்கு மின்னலுக்குப் பதிலாக மேகத்தின் படம் மட்டும் சற்றே நிறம் மாறட்டும். இதற்குத் தேவைப்படுபவை ஒரு மாறியும், மின்னலுக்கு முன் அதனைச் சோதிக்கும் ஒரு கட்டையுமே.